தம்பி கொண்டுவந்த நாலு கிலோ சீஸும் என் அறுபதாயிரம் ரூபாயும்

2025 தைப்பூசத்தன்று கோயிலுக்குப் போகாமல், யாழ்ப்பாணத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கையில் சேலைன் ஏறப் படுத்துக் கிடந்தேன். காரணம் ஒரு துண்டு சீஸ். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தபடியால் அலுவலகத்தில் "வயிறு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் சுவிஸில், பிரான்ஸில், லண்டனில் ஆள் இல்லாத வீடு குறைவு. வருகிறவர்கள் முன்பு சொக்கலேட்டும் கோடாலித் தைலமும் கொண்டு வந்தார்கள். இப்போது சீஸும் வருகிறது. அதை எப்படி வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லிவிட்டுப் போவதில்லை.

நான் கோண்டாவிலில் தனியாக இருக்கிறேன். அம்மா கனடாவில் அக்காவோடு, தம்பி சூரிச்சில். தொண்ணூறுகளில் குப்பி விளக்கில் படித்து வளர்ந்தவள் நான். வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத ஊரில் ஃபிரிட்ஜ் பற்றி என்ன தெரியும்? சீஸ் என்றால் எனக்கு வெள்ளித் தாள் சுற்றிய முக்கோணத் துண்டுதான். அது மேசையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, பாணுக்குள் வைத்தால் சரி. அந்த அறிவோடுதான் இந்தக் கதைக்குள் இறங்கினேன்.

தம்பி பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி வந்து இறங்கினான். சூட்கேசைத் திறந்ததும் ஒரு மணம். ஈரச் சப்பாத்தைத் துணியில் சுற்றி வைத்தது போல. அம்மா இருந்திருந்தால் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருப்பார். உள்ளே கிரூயேர் இரண்டு கிலோ, ரக்லெட் ஒரு கிலோ, வெள்ளைத் தோல் போர்த்த பிரீ 300 கிராம் வட்டம் இரண்டு, நீல நரம்பு ஓடிய கோர்கொன்சோலா 300 கிராம். எல்லாம் சேர்த்து எண்பது பிராங்க் முடிந்ததாம். எங்கள் காசில் அப்போது 26,000 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. சூரிச்சில் பெட்டி கட்டியதில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும்வரை ஒரு நாள், அங்கிருந்து வான் வண்டியில் 400 கிலோமீற்றருக்குக் கிட்ட. எல்லாமே சாதாரண சூட்கேசுக்குள், உடுப்புக்கு நடுவில். கெட்டியான கிரூயேருக்கு அந்தப் பயணம் பெரிய பாதிப்பில்லை. அது குறைந்தது ஐந்து மாதம் நிலவறையில் முதிர்ந்த பிறகுதான் விற்பனைக்கே வரும், அதில் ஈரம் குறைவு. பிரீ அப்படியல்ல. உள்ளே களி மாதிரி, ஈரம் நிறைந்தது. அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதே பாதிக் களைப்பில் இருந்திருக்கும். இது எனக்கு மார்ச் மாதம்தான் விளங்கியது.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு ரக்லெட் செய்தான். சீஸை உருக்கி அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்து விடுவது. சுவிஸின் வலே மாநிலத்துச் சாப்பாடு. மாமி இரண்டாம் தட்டு வாங்கும்போது, "தம்பி, இது சைவம்தானே?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். பாலைத் திரைய வைக்க ரெனட் என்று ஒன்று சேர்ப்பார்கள். பழைய முறைச் சீஸ்களில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுப்பது. கிரூயேரும் அப்படித்தான். சைவக்காரர் வீட்டுக்குக் கொடுக்க முந்தி பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நுண்ணுயிர் ரெனட் போட்ட சீஸ்களும் நிறைய உண்டு. மாமிக்கு நாங்கள் அன்று உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் இந்தச் சைவ விஷயம்தான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

தம்பி 26ஆம் திகதி புறப்பட்டான். "அக்கா, மிச்சத்தைப் பத்திரமா வைச்சுச் சாப்பிடுங்கோ" என்றான். பத்திரம் என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அங்கே அவனுக்கு அது பாண் வாங்குவது மாதிரி. முடிந்தால் மறுநாள் கடை. நான் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் சொப்பிங் பையில் இறுக்கிச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடுக்கி, மூடியை அமத்தி, ஃபிரிட்ஜ் கதவின் கீழ்த் தட்டில் வைத்தேன். மணம் வெளியே வராமல் அடைத்துவிட்டேன் என்று பெருமை வேறு.

ஒரு கிழமையில் திறந்து பார்த்தால் பைக்குள் தண்ணீர் கோத்திருந்தது. கிரூயேரின் ஒரு பக்கம் வழுவழுவென்று, இன்னொரு பக்கம் நீலப் பூஞ்சணம். நீலச் சீஸில் இருந்த பூஞ்சணம் பக்கத்தில் இருந்தவனுக்கும் குடி போய்விட்டது. அந்தப் பூஞ்சணம் கோர்கொன்சோலாவுக்குள் வேண்டுமென்றே விட்டது, அதனால் கெடுதல் இல்லை. ஆனால் மற்றதன் மேல் வளர்வது அதுதானா, குசினியில் இருந்து வந்த வேறு ஏதாவதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் மேலாகச் சுரண்டிப் பார்த்தேன், அருவருப்பாக இருந்தது, 300 கிராமை வெட்டிக் குப்பையில் போட்டேன். அது தேவையில்லாத வேலை. கிரூயேர், செடார், பர்மேசன் மாதிரிக் கெட்டிச் சீஸில் பூஞ்சணம் கண்டால், கண்ட இடத்தைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்ரிமீற்றர் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். கத்தி பூஞ்சணத்தில் பட்டுவிட்டு நல்ல பக்கத்துக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான். பிரீ, கிரீம் சீஸ், வீட்டில் செய்யும் பனீர், துருவி வைத்த சீஸ் இவற்றில் புதுப் பூஞ்சணம் கண்டால் வெட்டுகிற கதையே இல்லை. ஈரமானதற்குள் அதன் நார் கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்துக்கு ஓடியிருக்கும், கூடவே பக்ரீரியாவும் இருக்கலாம். முழுதாக எறிய வேண்டியதுதான். பிரீயின் வெள்ளைத் தோலும் பூஞ்சணம்தான், ஆனால் அது அதனுடைய சொந்தத் தோல். அதன் மேல் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று வந்தால்தான் பிரச்சினை.

அதற்கு அடுத்த மடத்தனத்தைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. கிரூயேரின் இன்னொரு துண்டை வெட்டினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, கடித்தால் உப்புக்கல் மாதிரி நறநறவென்றது. உள்ளுக்குள்ளும் பூஞ்சணம் போய்விட்டது என்று நினைத்து 400 கிராமை அப்படியே பக்கத்து வளவு நாய்க்குப் போட்டேன். அன்றிரவு வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த தம்பி சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் தவித்தான். "அக்கா, அது முத்தின சீஸில வாற பளிங்கு. அதுக்குத்தான் இஞ்ச கூடக் காசு குடுக்கிறது." சீஸ் முதிரும்போது புரதம் உடைந்து தைரோசின் என்ற அமினோ அமிலம் கட்டியாகி நிற்குமாம். பூஞ்சணம் மெதுவாக, பஞ்சு மாதிரி இருக்கும், மேற்பரப்பில்தான் வரும். பளிங்கு கடினமாக, மணிமணியாக, உள்ளே இருக்கும். விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரியும். நாய்க்கு நல்ல காலம்.

மிச்சம் 800 கிராம் கிரூயேர். இனிப் பழுதாக விடக் கூடாது என்று ஒரே கட்டியாக ஃபிரீசருக்குள் தள்ளினேன். இரண்டு நாள் கழித்து எடுத்து வெட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது, ஈரத் தவிட்டுப் பிட்டு மாதிரி. உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து ஊசியாகி அதன் கட்டைக் குலைத்துவிடும். கெட்டுப்போனது அல்ல, சமையலுக்கு உதவும், வெறும் வாயில் சாப்பிடச் சுகமில்லை. உறைய வைப்பதென்றால் முதலிலேயே துருவி, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாக 100, 200 கிராம் பைகளில் தட்டையாக அமத்தி வைக்க வேண்டும். இளக வைப்பது ஃபிரிட்ஜுக்குள்தான், மேசையில் அல்ல. பிரீ மாதிரி இளகின சாதியை ஃபிரீசர் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பெப்ரவரி 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தாள். மாமாவின் மகள், என்னைவிடப் பத்து வயது இளையவள், நாலாம் மாதம். மசக்கை தெளிந்து அப்போதுதான் வாய்க்கு ருசி திரும்பியிருந்தது. பிரீயைப் பாணில் தடவிக் கொடுத்தேன். "நல்லா இருக்கு மச்சாள், இன்னும் கொஞ்சம் தாங்கோ" என்று வாங்கிச் சாப்பிட்டாள். அந்தக் காட்சி பிறகு எத்தனை இரவு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது என்று சொல்ல முடியாது.

ஒரு கிழமை கழித்து, 9ஆம் திகதி. நாடு முழுக்கக் கரண்ட் போன நாள், எல்லாருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்றார்கள். முற்பகல் பதினொன்றரை மட்டில் போனது. எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அந்த இடைவெளியில் நான் ஃபிரிட்ஜை எத்தனை தரம் திறந்தேன் என்று எண்ணவில்லை. "குளிர் இருக்கா" என்று பார்க்கத் திறப்பது, தண்ணீர் எடுக்கத் திறப்பது, பால் என்னாச்சு என்று திறப்பது. பூட்டியே வைத்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள் தாக்குப் பிடிக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். என்னுடையது தொடக்கத்திலேயே குளிராக இருக்கவில்லை என்பதுதான் கூத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த நாள் திங்கள். அன்று மாலையும் ஒன்றரை மணி நேரக் கரண்ட் வெட்டு. மறுநாள் தைப்பூசம். வீட்டில் சைவம், கோயிலுக்குப் போகிற நாள். கன்றுக்குட்டிச் சமாச்சாரம் ஃபிரிட்ஜுக்குள் கிடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எறியவும் மனமில்லை. தம்பி தோளில் சுமந்து கொண்டுவந்தது, போதாததற்கு ஏற்கனவே 700 கிராம் வீணாக்கிவிட்டேன். இரண்டாவது பிரீயில் பாதி மிச்சம் இருந்தது. அதன் வெள்ளைத் தோல் மண்ணிறமாகி, அமோனியா வாடை, பள்ளிக்கூடக் கழிவறை வாடை, இலேசாக அடித்தது. அது அளவுக்கு மிஞ்சி முதிர்ந்ததன் அடையாளம். எனக்கு அது தெரியாது, சீஸ் என்றால் மணக்கும்தானே என்று இருந்துவிட்டேன். "நல்லா உருக்கிச் சாப்பிட்டால் கிருமி செத்துப் போகும்" என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். இரவு எட்டு மணிக்கு இரண்டு துண்டுப் பாணுக்கு நடுவில் வைத்துத் தாச்சியில் வாட்டி, மிளகு தூவிச் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், ருசி நன்றாகத்தான் இருந்தது.

நடுச்சாமம் தாண்டியதும் தொடங்கியது. முதலில் வாய் ஊறல், பிறகு சத்தி, பிறகு வயிற்றாலடி. இரண்டு மணிக்குள் எழுந்து நிற்க முடியாமல் குளியலறைத் தரையில் இருந்தேன். தனியாக இருக்கிறவர்களுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று தெரியும். போன் படுக்கையறையில், அது பதினைந்து அடி தூரம், பதினைந்து மைல் மாதிரி. அம்மாவுக்கு எடுத்தால் கனடாவில் பின்னேரம், எடுத்தால் அழுவார், அழுது என்ன செய்வார். இருட்டில் நாய் குரைக்கிற சத்தம் கேட்டது. அந்த நாய்க்கு 400 கிராம் கிரூயேர் போட்டது நான் என்று நினைத்து அந்த நிலையிலும் ஒரு சிரிப்பு வந்தது. விடிய நாலு மணிக்கு முன்வீட்டு ஓட்டோக்கார அண்ணைக்கு எடுத்தேன். சாரத்தோடே வந்தார், பாவம். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும் என்று எனக்குத் தெரியும், சுவர்க் கலண்டரில் எழுதியும் இருந்தது. மூளை வேலை செய்யவில்லை. போனின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு வையுங்கள். வீட்டில் நாலு பைக்கற் ஜீவனியும், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூளும், இருக்கட்டும். நான் வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சத்தி எடுத்ததில் உப்பெல்லாம் இறங்கித்தான் அவ்வளவு சோர்ந்தேன்.

டொக்ரர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்பது. சொன்னேன். "சூடாக்கித்தான் சாப்பிட்டனான்" என்று நியாயமும் சொன்னேன். அவர் சொன்னது எனக்குப் புதிது. ஸ்ரபிலோகொக்கஸ் என்ற கிருமி எங்கள் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிறது. சாப்பாட்டில் பட்டு, அது குளிர் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், பெருகி நஞ்சு ஒன்றை விட்டுவிடும். சூட்டில் கிருமி சாகும், நஞ்சு சாகாது. ஒன்றில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் சத்தி தொடங்கினால் அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். சீஸ்தான் காரணம் என்று சோதிக்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது என்றும் சொன்னார், அது நியாயம். ஆனால் நான் அந்தப் பிரீயைக் கை கழுவாமல் எத்தனை தரம் அமத்திப் பார்த்தேன், இரண்டு கரண்ட் வெட்டுக்கும் நடுவில் அது எவ்வளவு நேரம் வெக்கையில் கிடந்தது என்று எனக்குத்தானே தெரியும். எங்கள் வெயிலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இளகின சீஸ் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரம். சித்திரை மாதத்தில் இரண்டு மணி நேரக் கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாது.

சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் மச்சாளின் நினைப்பு வந்தது. டொக்ரரிடம் கேட்டேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். லிஸ்ரீரியா என்று இன்னொரு கிருமி. மற்றக் கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும், இது ஃபிரிட்ஜுக்குள்ளேயே மெல்ல மெல்ல வளரும். எனக்கும் உங்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு வந்தால் இலேசான காய்ச்சலோடு போகலாம், பிள்ளையைப் பறித்துவிடவும் கூடும். அதனால்தான் வெள்ளைத் தோல் பிரீ, கமம்பேர், இளகின நீலச் சீஸ் எல்லாம் கர்ப்பிணிகளுக்கு விலக்கு. ஆவி பறக்க நன்றாகச் சூடாக்கினால் மட்டும் விதிவிலக்கு. கிரூயேர், செடார் மாதிரிக் கெட்டிச் சீஸ் தாராளமாகச் சாப்பிடலாம். இத்தனைக்கும் ஃபிரிட்ஜில் இரண்டுமே இருந்தது. நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது பிரீயை.

மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. சொன்னதும் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை, நீங்கள் தெரியாமல்தானே தந்தனீங்கள்" என்றாள். மாமி பேசியதை எழுதாமல் விடுகிறேன். அவளுடைய டொக்ரர் சோதனை எதுவும் இப்போது வேண்டாம், காய்ச்சல், உடம்பு உளைவு வந்தால் உடனே வாருங்கள் என்றாராம். சிக்கல் என்னவென்றால் அந்தக் கிருமி உள்ளே போய் எழுபது நாள் கழித்தும் காட்டலாம். எழுபது நாள் என்றால் சித்திரைப் புதுவருடம் வரைக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் "சுகமா?" என்று ஒரு செய்தி அனுப்புவேன், அவள் பார்த்துவிட்டாள் என்று நீலச் சரி அடையாளம் வரும்வரை வேலை ஓடாது. புதுவருடத்தன்று அவளே போன் எடுத்து, "மச்சாள், எழுபது நாள் முடிஞ்சுது, இனி என்னைப் படுக்க விடுங்கோ" என்றாள். பணக் கணக்கை எழுதலாம், இதை எந்தக் கணக்கில் எழுதுவது.

பணக் கணக்கு இதுதான். எறிந்த சீஸ் 16,000 ரூபாய் வரும். ஆஸ்பத்திரி இரண்டு நாள் 34,500. ஃபிரிட்ஜ் திருத்தியது 8,500. ஓட்டோ, மருந்து, இளநீர் என்று சேர்த்தால் 60,000 தாண்டுகிறது. நாலு நாள் லீவு தனி. இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. வீட்டுக்கு வந்த அன்று பயத்தில் ஃபிரிட்ஜை முழுதாகத் துடைத்து எறிந்தேன், ஃபிரீசரில் இருந்த 800 கிராம் கிரூயேர் உட்பட. கரண்ட் போய் வந்தபின் எறிய வேண்டியது பிரீ, நீலச் சீஸ், கிரீம் சீஸ், மொசரெல்லா, துருவினது இவைதான். கெட்டிச் சீஸ் கட்டியையும், முக்கோணத் துண்டு மாதிரிப் பதப்படுத்திய சீஸையும் வைத்திருக்கலாம்.

முக்கோணத் துண்டை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. 1911இல் சுவிஸின் தூன் நகரில் வால்ரர் கேர்பர், ஃபிரிட்ஸ் ஸ்ரெற்லர் என்ற இருவர் எமன்ராலைச் சித்திரிக் அமில உப்போடு சூடாக்கி உருக்கி அந்த முறையைக் கண்டுபிடித்தது, வெக்கை நாடுகளுக்கு அனுப்பினாலும் பழுதாகாத சீஸ் வேண்டும் என்றுதான். எங்களை மாதிரி ஊர்களுக்காகவே செய்தது. கரண்ட் நம்ப முடியாத வீட்டில் அதை வைத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. பிரித்தபிறகு மட்டும் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும்.

இனி ஃபிரிட்ஜ் கதை. திருத்த வந்தவர் கையோடு ஒரு வெப்பமானி கொண்டுவந்து நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை பார்த்தால் 11 பாகை. இருக்க வேண்டியது 4 அல்லது அதற்குக் கீழே. "அக்கா, இது ஃபிரிட்ஜ் இல்லை, அலுமாரி" என்றார். இரண்டு காரணம். கரண்ட் பில் ஏறிய காலத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று உள்ளே இருக்கும் திருகியை 2க்கு இறக்கி விட்டிருந்தேன். எண் கூடினால்தான் குளிர் கூடும். அடுத்தது கதவு ரப்பர். ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுத்துக் காட்டினார், எண்ணெய் பூசியது மாதிரி வழுக்கி வந்தது. நல்ல ரப்பர் என்றால் பிடித்து இழுக்கும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. நான் பத்து வருடம் இந்த ஃபிரிட்ஜில் மீனும் பாலும் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளாவது எத்தனை பாகை என்று யோசித்ததில்லை. 1,200 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி உள்ளேயே வைத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வெட்டு அறிவித்தால் முதல் நாளே இரண்டு சோடாப் போத்தலில் தண்ணீர் உறைய வைத்து, வெட்டு நேரத்தில் சீஸுக்கும் பாலுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைத் தொடுவதில்லை.

இப்போது வைக்கிற முறை சொல்கிறேன். கேக் தட்டுக்குப் போடும் ஒயில் பேப்பரில் தளர்வாகச் சுற்றி, அதை மூடி போட்ட பெட்டிக்குள் வைக்கிறேன். சீஸ் வேர்க்கும், அந்த ஈரத்துக்குப் போக வழி வேண்டும். அதே நேரம் ஃபிரிட்ஜின் காற்று பட்டுக் காய்ந்து வெடிக்கவும் கூடாது. தாள் ஈரமானால் மாற்றிவிடுவேன். சாதிக்கு ஒரு பெட்டி, நீலச் சீஸ் என்றால் கட்டாயம் தனி. கருவாட்டுச் சம்பல், வெங்காயம் பக்கத்தில் வேண்டாம், சீஸ் மணத்தை உறிஞ்சும். இடம் கதவுத் தட்டு அல்ல, திறக்கத் திறக்க வெக்கை படுகிற இடம் அது. கீழே மரக்கறிப் பெட்டிதான் நல்லது, குளிரும் ஒரே அளவு, ஈரப்பதனும் இருக்கும். பெட்டியில் பேனாவால் பிரித்த திகதி. கெட்டிச் சீஸ் பிரித்தபின் மூன்று, நாலு கிழமை, இளகினது ஒரு கிழமை, வீட்டுப் பனீர் இரண்டு மூன்று நாள். ஃபெற்றா மாதிரி உப்புத் தண்ணீரில் வருவதை அந்தத் தண்ணீரோடேயே வையுங்கள், ஊற்றிவிடாதீர்கள். எடுக்கும்போது சாப்பிடப் போகிற அளவை மட்டும் கழுவிய கையால், கழுவித் துடைத்த கத்தியால் வெட்டி, மிச்சத்தை உடனே உள்ளே வைத்துவிடுவேன். முழுக் கட்டியையும் மேசைக்குக் கொண்டுவந்து விருந்தாளிக்கு அழகு காட்டுவது சூரிச்சில் சரி, கோண்டாவிலில் பங்குனி வெயிலில் வேண்டாம்.

மச்சாளுக்கு ஆடியில் பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போனபோது மாமி என் கையைத்தான் முதலில் பார்த்தார். கேக் கொண்டு போயிருந்தேன். நல்லூர்த் தேருக்கு வருகிற தம்பி அதற்கு முந்தின கிழமை போன் எடுத்து, "அக்கா, என்ன கொண்டு வர?" என்று கேட்டிருந்தான். கிரூயேர் அரைக் கிலோ, காற்றெடுத்து அடைத்தது, குளிர்ப்பைக்குள் வைத்து, அதுவும் திருவிழா முடிந்தபிறகு பிரிக்க என்றேன். பிரீ வேண்டாமா என்றான். மிச்ச இடத்துக்குச் சொக்கலேட் போடு என்றேன்.